பொலிஷருக்கு ஒரு கிளினிக் கொப்பி

ஏழாம் வோர்ட்டை விட்டுப் போகிறேன் என்றபோது
சிஸ்டர் ரதிமலர் சிரித்தார்.
"படுத்துக் கிடக்கிறவனை விட்டுட்டு
நடந்து திரியிறவனைப் பாக்கப் போறியா?"
ஓம் என்றேன்.
பதினொரு வருடம் நான் துடைத்துக் கிடத்தியவர்கள்
எல்லோரும் ஒரு காலத்தில்
வேலைக்கு நடந்து போனவர்கள்தான்.

மட்டக்களப்பில் ஏறினால் கல்முனை,
அங்கிருந்து இன்னொரு பஸ்.
சம்மாந்துறையில் வயல் முடியும் இடத்தில்
உமி பறக்கத் தொடங்கும்.
மூன்று மில்லுக்கும் சேர்த்து ஒரே நேர்ஸ், நான்.

முதலாளி காட்டியது சாக்கு அடுக்கிய அறை.
மேசை, காற்றாடி, போன வருடக் கலண்டர்.
"இங்க ஒருத்தருக்கும் வருத்தமில்ல மிஸ்.
வருத்தமெண்டா வேலைக்கு வரமாட்டானுகள்தானே."
கொப்பியின் முதற்பக்கத்தில் அதை அப்படியே எழுதினேன்.
இரண்டு வருடப் படிப்பில்
இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை மில் ஓடாது.
காது பார்க்க எனக்குக் கிடைத்த மௌனம் அவ்வளவுதான்.

உதுமாலெவ்வை காக்கா,
பொலிஷர் பக்கம், பத்தொன்பது வருடம்.
"சத்தம் கேட்டா பட்டனை அமத்துங்க."
அமத்தினார்.
மெல்லியதற்கும் அமத்தினார்,
அதைவிட மெல்லியதற்கும்,
எனக்கே கேட்காத ஒன்றுக்கும்.
பச்சைப் பிள்ளையின் காது என்று
எழுதப் போன பேனாவை நிறுத்தினேன்.
விசையை நான் தொடும்போதெல்லாம்
என் முழங்கை கொஞ்சம் அசைகிறது.
அவர் கண் அதில் இருந்தது.

கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன்.
ஒன்று. இரண்டு. ஐந்து. ஒன்பது.
பட்டன் அசையவில்லை.
அவர் பணிவாகக் கேட்டார்:
"தொடங்கிட்டீங்களா மிஸ்?"
பாதி முடிந்திருந்தது.

கழற்றிய ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:
"கேக்கல்லெண்டு எழுதினா வெளிய போட்டிருவாங்க.
சின்னவள் இந்த வருசம் ஓஎல்.
ராவையில சத்தம் போட்டுப் பாடமாக்குவாள்,
நான் கேட்டாப்போல தலையாட்டிட்டு இருப்பன்."

அன்று பின்னேரம் ஒரு புதுக் கொப்பியில் எழுதினேன்.

பெயர்: பொலிஷர், இரண்டாம் இலக்கம்.
வயது: பத்தொன்பது.
முறைப்பாடு: ஓயாமல் கத்துகிறது.
கைநீட்டும் தூரத்தில் தொண்ணூற்றெட்டு டெசிபல்.
பரிசோதனை: வலது பின்காலில் இரண்டு போல்ட் இல்லை.
தொற்று: பக்கத்தில் நின்ற ஏழு பேருக்கு.
(பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. இங்கே எழுதமாட்டேன்.)
சிகிச்சை: போல்ட். காலடிக்குத் தடித்த ரப்பர்.
சுற்றி ஒரு சுவர்.
நிற்பவரை இரண்டு மணிக்கொருதரம் மாற்றுதல்.

முதலாளி இரண்டு தரம் வாசித்தார்.
"மெசினுக்கு வருத்தமா?" என்று சிரித்தார்.
பிறகு சிரிப்பு அடங்கி,
"ரப்பர் என்ன விலை வரும்?" என்றார்.
பதிலைக் கேட்டு
கொப்பியை நிறுவைத் துண்டுகளுக்குக் கீழே வைத்தார்.

வீட்டில் அம்மா இன்றைக்கும் கேட்கிறா,
ஊசி போடாத நேர்ஸ் என்ன நேர்ஸ் என்று.
எத்தனை பேருக்குச் சுகம் வந்தது என்று
ரதிமலர் போனில் கேட்கிறார்.
வராத வருத்தத்தை எந்த நிரலில் போட்டுக் காட்டுவது?

பதினெட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை,
மீட்டரைப் பிடித்தேன்.
தொண்ணூற்றாறு.
சுவர் இல்லை, ரப்பர் இல்லை.
யாரோ போல்ட் பூட்டியிருக்கிறார்கள்.
ஒரு போல்ட்டுக்கு ஒரு டெசிபல்.

உமிக் கும்பியைத் தாண்டிப் போனவரைக் கூப்பிட்டேன்.
திரும்பவில்லை.
சுற்றிப் போய் முன்னால் நின்று,
வாயை அகலத் திறந்து, மெதுவாக,
சத்தம் குறைந்திருக்கு காக்கா என்றேன்.

என் உதட்டையே பார்த்தார்.
செருப்பைக் கழற்றி
வெறுங்காலைத் தரையில் வைத்தார்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஓம் புள்ள," என்றார்,
"நிலம் முந்தின மாதிரி ஆடல்ல."